பவனியும் பயனும்

நாட்டுத் தலைவர்கள் அயல்நாடு செல்வதும், அயல்நாட்டுத் தலைவர்கள் நம் நாடு வருவதும் புதுமையல்ல. வழியனுப்பு விழா, வரவேற்பு விழா, வாத்திய முழக்கம், வீரர் அணிவகுப்பு, விருந்து, கூட்டறிக்கை, கைகுலுக்கும் படம்—அத்தனையும் முறை தவறாமல் நடக்கின்றன. முறையாக நடவாதது ஒன்றே ஒன்று. சென்றவர் கொணர்ந்தது என்ன, வந்தவர் தந்தது என்ன, அது யார் கைக்குச் சேர்ந்தது என்ற கணக்கு! அந்தக் கணக்கைத்தான் நாம் கேட்கிறோம்.

கேட்பவன் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று கேட்கிறோம். காரணம் இருக்கிறது. பூந்தமல்லி தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் செம்பரம்பாக்கம். அதையடுத்து இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம். தெற்கே திரும்பினால் ஒரகடம். கொரிய நிறுவனத்தின் கார், செருமானிய நிறுவனத்தின் லாரி, தைவான் நிறுவனம் கோக்கும் கைப்பேசி—எல்லாம் உருவாகும் வட்டாரம் இது. அயல்நாட்டுப் பயணங்களால் விளைந்த பயன் எங்கே என்று கேட்டால், ஆட்சியாளர் விரல் நீட்டிக் காட்டும் திசை இதுதான்.

இந்த ஏரியிடம் இன்னொரு பாடமும் உண்டு. சென்னை மாநகருக்குக் குடிநீர் வழங்கும் ஏரிகளில் ஒன்று இது. இதன் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் நாள்தோறும் நீர்மட்டம் எவ்வளவு, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று பொறியாளர் குறிக்கிறார், ஏடுகள் அச்சிடுகின்றன, டீக்கடையில் அமர்ந்திருப்பவரும் படித்துச் சொல்கிறார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஏரியின் ஓர் அடியும் மக்களுக்கு அலட்சியமல்ல. தேங்கிய தண்ணீருக்கு அளவுகோல் நட்ட நாடு, கோடி கோடியாகச் செலவிட்டுச் செல்லும் பயணத்துக்கு அளவுகோல் நட மறந்தது ஏன்?

பயணமே கூடாது என்பாரல்லோம் நாம். கடல் கடந்தால் குலம் கெடும் என்று சாத்திரம் பேசியவர்களின் வாரிசுகளும் அல்லோம். பாண்டியனிடமிருந்து உரோமப் பேரரசன் அகஸ்டசுக்குத் தூது சென்ற செய்தியைக் கிரேக்க அறிஞர் ஸ்டிராபோ குறித்து வைத்திருக்கிறார். சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்தின் சாங் பேரரசு அவைக்குச் சென்றன. கடைசிக் குழுவில் சென்றவர் எழுபத்திரண்டு பேர். எடுத்துச் சென்ற காணிக்கைப் பொருள்கள் எவை, பதிலுக்குப் பெற்ற செப்புக்காசு எத்தனை என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரிகிறது. எப்படித் தெரிகிறது? சீனர் எழுதி வைத்தார்கள், அதனால் தெரிகிறது! பயணம் நம்முடையது, கணக்கு அவர்களுடையது! பயணத்தின் பெருமையை நாமும், பயணத்தின் ஏட்டைப் பிறரும் வைத்துக்கொள்ளும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது போலும்!

ஆயினும் நம் இலக்கியம் கணக்கறியாத இலக்கியமல்ல. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தைப் பொறுமையோடு புரட்டுங்கள். செங்குட்டுவன் வடதிசை செல்கிறான். வெற்றி, முழக்கம், கங்கைக்கரைப் பாடிவீடு, கனக விசயர் முடித்தலை மீது கல்—இவற்றையே மேடைகளில் கேட்டுப் பழகியிருக்கிறோம். காவியம் அத்தோடு நிற்கவில்லை. மன்னன் வஞ்சியை நீங்கி முப்பத்திரண்டு திங்கள் ஆயிற்று என்று அவன் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்கிறான் அரண்மனைக் கணியன். புறப்படுகையில் நல்ல நேரம் குறித்துக் கொடுப்பதும் கணியர் தொழில்தான். நாள் பார்ப்பதில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நாட்கணக்குச் சொன்ன அந்த நாவைப் போற்றுகிறோம். இன்று புறப்படும் நேரம் குறித்துக் கொடுப்பவர்கள் மலிந்திருக்கிறார்கள். போய் எத்தனை நாள், வந்தது எவ்வளவு என்று சொல்லும் கணியனைத்தான் காணோம்.

அடுத்து நடுகற் காதை. சிறைப்பட்ட மன்னர்களைச் சோழனிடமும் பாண்டியனிடமும் காட்டி வரச் சொல்லி அனுப்புகிறான் செங்குட்டுவன். அவர்கள் வியந்தார்களா? இல்லை. போர்க்களத்தில் தோற்றுத் தவவேடம் பூண்டு ஓடியவர்களைப் பிடித்துவந்தது என்ன வீரம் என்று இகழ்ந்தார்கள். அந்த இகழ்ச்சியை மறைக்காமல் எழுதியிருக்கிறார் இளங்கோ. சேரர் குலத்தவராகவே போற்றப்படும் புலவர், சேரன் பயணத்துக்கு வந்த கண்டனத்தையும் அதே காவியத்தில் பதிவு செய்கிறார்! இன்றைய அரசு மலர் எதிலாவது, தலைவரின் பயணத்தைப் பற்றி மாற்றார் சொன்ன ஒரு வரியையேனும் கண்டதுண்டா?

இறுதியில் செங்குட்டுவன் செய்வது என்ன? மாடலன் கூறும் வேள்வியில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அதனோடு சேர்த்து, சிறைக்கோட்டங்களைத் திறக்கவும், இறை கொடுக்கும் குடிகளின் வரியை நீக்கவும் அவன் ஆணையிட்டு அழும்பில்வேளையும் ஆயக்கணக்கரையும் ஏவுகிறான். முரசோடு தொடங்கிய பயணம் கணக்கரோடு முடிகிறது. குடிமகன் சுமை ஒரு பங்கு குறைகிறது. காவியம் கற்பிக்கும் அரசியல் அது.

இன்னொரு சான்று இந்த வட்டாரத்துக்கே உரியது. செம்பரம்பாக்கம் அமைந்திருப்பது பழைய தொண்டை மண்டலத்தில். அம்மண்டலத்துத் தொண்டைமானிடம் அதியமான் பொருட்டுத் தூது வந்தார் ஔவையார். வந்தவரைத் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்று, மயிற்பீலி சூட்டி, மாலையிட்டு, நெய்பூசி வைத்த வேல்களைக் காட்டினான் தொண்டைமான். ஔவையார் மயங்கவில்லை. இங்குள்ளவை அழகாக இருக்கின்றன. எம் தலைவன் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற கருத்தில் புகழ்வதுபோல் இகழ்ந்து பாடினார். உழைத்த கருவி மினுக்காது, மினுக்கும் கருவி உழைத்திராது! புறநானூற்றில் உள்ள அந்தச் சிறு பாட்டைவிடச் சிறந்த அரசுமுறைப் பயணத் திறனாய்வு எது?

மயிற்பீலி சூட்டும் வழக்கம் மறைந்துவிட்டதா? 2020 பிப்ரவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப் அகமதாபாத் வந்தார். அவர் செல்லும் சாலையோரத்துக் குடிசைப் பகுதியின் முன்னே சுவர் எழும்பியது. குடிசையை மாற்ற அல்ல, மறைக்க! விருந்தாளியின் கண்ணுக்கு நாட்டின் வறுமை தெரியலாகாது. நாட்டின் கண்ணுக்கு அந்தச் சுவர் தெரிந்தால் குற்றமில்லை! அது பீலி சூட்டிய வேல் அல்லாமல் வேறென்ன?

நம் மாநிலத்து நிகழ்ச்சிகளையும் பார்ப்போம். 1956 டிசம்பரில் சீனப் பிரதமர் சூ என்லாய் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் வந்தார். அண்மையிலுள்ள குழிப்பாந்தண்டலம் என்ற சிற்றூரில் தாய்சேய் நல நிலையம் ஒன்றைத் திறந்தும் வைத்தார். ஆறாண்டு கழித்து, 1962இல், இரு நாடுகளும் போரிட்டன. 2019 அக்டோபர் 11, 12 நாட்களில் சீனக் குடியரசுத் தலைவர் சி சின்பிங் அதே மாமல்லபுரம் வந்தார். காய்கனிகளால் வரவேற்பு வளைவு, பிரதமர் மோடியின் உடலில் தமிழரின் வேட்டி, கடற்கரைக் கோயிலில் ஒளிவெள்ளம்! எட்டுத் திங்கள் கழித்து, 2020 சூனில், கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர் இருபதின்மர் மாண்டனர். அவர்களில் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்தவர். நட்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விழாவை நட்பென்று எண்ணி ஏமாற வேண்டாம் என்கிறோம். இரண்டு வருகைகளையும் எடைபோட்டால், ஊரார் கைக்கு வந்ததென்று உறுதியாகச் சொல்லத்தக்கது, ஏழைத்தாய் பிள்ளை பெறப் படியேறிய அந்தச் சின்னஞ்சிறு நிலையமே!

1997 அக்டோபரில் பிரித்தானிய அரசி இரண்டாம் எலிசபெத் சென்னை வந்தார். ஆங்கிலேயரை எதிர்த்துத் தூக்கிலிடப்பட்ட மருதநாயகத்தைப் பற்றிய திரைப்படத்தின் தொடக்க விழாவில், ஆங்கிலேய அரசியே சிறப்பு விருந்தினர்! வரலாறு நகைத்திருக்க வேண்டிய காட்சி. அந்தப் படம் முடிவு பெறவில்லை. திரைக்கு வரவும் இல்லை. முடிதரித்த கை தொடங்கி வைத்தாலும், முடிக்கும் கை வேறு! விழாவுக்கும் விளைவுக்கும் இடையே நீண்ட பாதை கிடக்கிறது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

அந்தப் பாதையைச் சொற்களால் மூடிவிடும் கலையைச் சிறிது ஆராய்வோம். இலக்கிய ஏட்டுக்கு அது கடமையும்கூட.

பயணம் முடிந்து வெளிவரும் அறிக்கைகளில் 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்ற தொடர் தவறாது இடம்பெறும். பெயரிலேயே பொருள் இருக்கிறது. இரு சாரார் எண்ணத்தைப் புரிந்துகொண்டதற்கான குறிப்பு அது. பணம் கட்டியதற்கான சீட்டல்ல. பெரும்பாலும் வழக்காடி நிறைவேற்றிக்கொள்ளத் தக்க உறுதியுமல்ல. பெண் பார்த்துவிட்டுப் போனதற்கு ஒப்பானது. ஆனால் மறுநாள் சுவரொட்டியில் திருமணமே நடந்து, பிள்ளையும் பிறந்து, பெயரும் வைத்தாகிவிடுகிறது! 'இத்தனை ஆயிரம் கோடி முதலீடு வந்தது', 'இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை கிடைத்தது' என்கிறார்கள். வரும் என்பதல்ல, வரலாம் என்பதுமல்ல; வந்தது!

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இதற்கு ஓர் இடம் தந்திருக்கிறார். விரைவு காரணமாக வருங்காலச் செயலை இறந்தகாலத்தில் சொல்லலாம் என்பது விதி. உண்டுகொண்டிருப்பவன், வாசலில் நின்று அழைக்கும் தோழனுக்கு 'இதோ வந்துவிட்டேன்' என்கிறானே, அதுபோல. கால வழுவமைதி என்பர் இலக்கணத்தார். தோழனுக்கு அது அமைதி. நாட்டுக்கு அது வழு! வாசலில் நிற்கும் தோழன் சற்று நேரத்தில் உண்மையை அறிவான். வேலைக்குக் காத்து நிற்கும் இளைஞன் எத்தனை ஆண்டு வாசலில் நிற்பது?

இந்தக் கலையில் கட்சி வேற்றுமை கிடையாது. 2019 ஆகஸ்டு, செப்டம்பரில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி பிரிட்டன், அமெரிக்கா, ஐக்கிய அரபு நாடுகள் சென்று திரும்பியபோது ரூ. 8,835 கோடி என்று சொல்லப்பட்டது. அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு. க. ஸ்டாலின் வெள்ளை அறிக்கை கேட்டார். அவர் முதலமைச்சராகி 2024இல் அமெரிக்கா சென்று திரும்பியபோது 19 ஒப்பந்தங்கள், ரூ. 7,618 கோடி என்று சொல்லப்பட்டது. அப்போது வெள்ளை அறிக்கை கேட்டவர் எடப்பாடி பழனிசாமி! எதிர்வரிசையில் அமர்ந்தால் எழும் பசி, ஆளும் வரிசையில் அமர்ந்தால் அடங்கிவிடுகிறது. முதலமைச்சர் பயணம், நாட்டுத் தலைவர் செல்லும் அரசுமுறைப் பயணத்தின் வரிசையில் சேராது என்பதை அறிவோம். ஆனால் கோலம் அதே கோலம், குறையும் அதே குறை.

இனி நாம் நிற்கும் மண்ணைப் பார்ப்போம். பிரதமர் நரசிம்மராவ் 1993 செப்டம்பரில் தென்கொரியா சென்றார். தென்கொரியக் குடியரசுத் தலைவர் கிம் யங்-சாம் 1996 பிப்ரவரியில் இந்தியா வந்தார். அதே ஆண்டு மே மாதம் ஹூண்டாய் நிறுவனத்தின் இந்தியக் கிளை தோன்றியது; இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுந்தது; 1998 செப்டம்பரில் சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. பயணத்தால் விளைந்த பயன் என்று இதைச் சொல்லலாமா? ஓரளவு சொல்லலாம். அரசுகளின் உறவு கதவைத் திறந்திருக்கும். ஆனால் துறைமுகம் அருகில் இருந்தது. படித்த தொழிலாளர் இருந்தனர். உதிரி உறுப்புச் செய்யும் தொழிற்கூடங்கள் சென்னையைச் சுற்றி முன்பே இருந்தன. நிலம் தரவும் சலுகை தரவும் மாநில அரசு முன்வந்தது. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டுத் தலைவர் பயணத்துக்கே புகழனைத்தையும் சூட்டுவது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பனையை நட்டவன் யார், நீர் விட்டவன் யார் என்பதையும் கணக்கில் எழுதுங்கள்!

பழம் விழுந்ததை எழுதுவோர் பனை சாய்ந்ததையும் எழுத வேண்டாமா? திருப்பெரும்புதூரில் பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் 2005இல் அரசோடு ஒப்பந்தம் செய்து, 2006இல் கைப்பேசி உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர், அவர்களில் பெருந்தொகையினர் பெண்கள், சீருடை அணிந்து பேருந்தேறினர். வரி வழக்கு எழுந்தது. நிறுவனத்தின் கைப்பேசித் தொழிலை 2014இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் அதில் சேரவில்லை. 2014 நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது. ஒப்பந்தம் கையெழுத்தானபோது படம் எடுத்தவர்கள் இருந்தார்கள். கதவு அடைபட்டபோது, தங்கள் பயண ஏட்டில் அதை ஒரு வரியாகச் சேர்த்த ஆட்சியாளர் யார்? பிறப்பைப் பதிந்து இறப்பைப் பதியாத கணக்கு, கணக்காகுமா?

2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாயிற்று. நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர்; மற்றவர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். 2024 செப்டம்பர் 9ஆம் நாள், சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர், சங்கம் அமைக்கும் உரிமைக்காக வேலைநிறுத்தம் தொடங்கினர். முதலமைச்சரின் அமெரிக்கப் பயணம் அப்போது முடிந்திருக்கவில்லை. அங்கே ஒப்பந்தம் கையெழுத்தாகிக்கொண்டிருந்தது. இங்கே, முன்பொரு காலத்து ஒப்பந்தத்தின் விளைச்சல் பந்தலில் அமர்ந்து நியாயம் கேட்டுக்கொண்டிருந்தது! அக்டோபர் 15ஆம் நாள் போராட்டம் முடிந்தது. 2025 சனவரியில் சங்கம் பதிவாயிற்று. அந்தப் பதிவுச் சான்றும் வெளிநாட்டு முதலீட்டு வரலாற்றின் ஒரு பக்கம் அல்லவா? வேலை எத்தனை என்று மட்டும் எண்ணினால் போதாது. வேலை எத்தகையது, நிரந்தரமா ஒப்பந்தக் கூலியா, உண்ணும் சோறும் உறங்கும் இடமும் மனிதருக்கு ஏற்றவையா என்பதையும் எண்ண வேண்டும்.

இனிச் செலவு. குடியரசுத் தலைவர் நாட்டின் தலைவர். அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடப்பவர். அவர் எங்கே செல்வது என்பதற்கும் அமைச்சரவையே பொறுப்பு. பிரதிபா பாட்டீல் குடியரசுத் தலைவராக இருந்தபோது மேற்கொண்ட 12 பயணங்களில் 22 நாடுகளுக்குச் சென்றார். அதற்கான செலவு ரூ. 205 கோடி, அதில் விமானத்துக்கு மட்டும் ரூ. 169 கோடி என்பது 2012இல் வெளிவந்தது. அரசு தானாக எடுத்துச் சொன்னதா? தகவல் உரிமைச் சட்டப்படி மனுப்போட்டுப் பெற்றது! பிரிட்டனிலோ, அரச குடும்பத்தின் ஆண்டறிக்கையில், ஒரு வரம்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு பயணத்தின் செலவும் தனித்தனியே அச்சாகிறது. பிறப்பால் முடிசூடுபவர் கணக்குக் காட்டுகிறார். வாக்கால் பதவி பெறுபவரிடம் மனுப்போட வேண்டியிருக்கிறது! முடியாட்சியிடம் நாம் கற்றுக்கொள்ளத்தக்கது ஒன்றுமில்லை என்றிருந்தோம்; வெட்கத்தோடு இந்த ஒன்றை ஏற்கிறோம்.

ஆனால் செலவை மட்டும் பேசிக் கொதிப்பதும் பாதித் திறனாய்வே. பிரதமர் பயணங்களின் செலவு நாடாளுமன்றத்தில் கேட்டால் விடையாகக் கிடைக்கிறது. கோடி செலவானது என்பதனாலேயே பயணம் குற்றமாகிவிடாது. செலவு குறைவென்பதனாலேயே சிறப்பாகியும் விடாது. விதை நெல்லுக்குக் கணக்கு வைத்துவிட்டு, விளைந்த நெல்லை அளக்காத உழவன் உண்டா? வரத்தும் வெளியேற்றமும் அருகருகே எழுதப்பட்டால்தான் ஏரியின் நிலை தெரியும்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. புறப்படும் முன்னர், பயணத்தின் நோக்கமும் உடன்செல்வோர் பட்டியலும் வெளியாக வேண்டும். திரும்பிய மூன்று திங்களுக்குள், செலவும் கையெழுத்தான ஒப்பந்தங்களின் வாசகமும் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ வைக்கப்பட வேண்டும். பின்னர் ஆண்டுதோறும், ஒவ்வொரு ஒப்பந்தமும் எந்நிலையில் உள்ளது, எத்தனை ஏக்கர் நிலம், எவ்வளவு தண்ணீர், என்ன சலுகை, எத்தனை நிரந்தர வேலை, கைவிடப்பட்டவை எவை, மூடப்பட்டவை எவை என்ற அட்டவணை வர வேண்டும். இறுதியாக, அந்த அட்டவணை கோட்டையில் உறங்காமல், ஆலை அமைந்த ஊர்களின் கிராமசபையில் தமிழில் படிக்கப்பட வேண்டும். நிலம் தந்தவனும் கூலி பெறுபவனும் கேட்டு, குறுக்குக் கேள்வி போட வேண்டும்.

தொழில் இரகசியம் கெட்டுவிடும் என்பார்கள். இயந்திரத்தின் நுட்பத்தையா கேட்டோம்? பொதுமக்கள் நிலத்தையும் நீரையும் வரிப்பணத்தையும் பற்றியல்லவா கேட்டோம்! முதலீடு ஓராண்டில் வந்துவிடாது, பொறுக்க வேண்டும் என்பார்கள். உண்மை, பொறுக்கிறோம். அதனால்தான் ஒருமுறை அறிக்கை போதாது, ஆண்டுதோறும் வேண்டும் என்கிறோம். பொறுமை வேறு, மறதி வேறு. மக்களின் பொறுமையை மறதியென்று எண்ணிய அரசுகளுக்குத் தேர்தல்கள் விடை சொல்லியிருக்கின்றன.

தலைவர்கள் செல்லட்டும், உலகைக் காணட்டும், நல்லுறவு வளர்க்கட்டும், தொழில் கொணரட்டும். மாலையோடு வரவேற்க நாமும் வருகிறோம். ஆனால் மாலை சூட்டியவர்கள் கலைந்த பிறகு, செங்குட்டுவன் வாயிலில் நின்றதுபோல், ஆயக்கணக்கர் ஏட்டோடு வந்து நிற்க வேண்டும். அந்த ஏடு ஊரார் நடுவே விரிக்கப்படும் நாளில்தான் பவனி முடிந்து, பயணம் தொடங்கியதாக நாம் ஒப்புவோம்.